ஜிப்சம் பலகை: விற்பதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

கட்டடப் பொருள் வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் எமது சகோதரர்கள் பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "ஜிப்சம் போர்ட் வியாபாரம் எப்படி?" கிடைத்த பதில்கள் இரண்டு வகையானவை. ஒரு சாரார், "நல்லாப் போகுது, ஆனா இலாபமில்ல. பக்கத்துக் கடையில ஐம்பது ரூபா குறைச்சுக் குடுக்கிறாங்க" என்றனர். மறு சாரார், "முறைப்பாடுதான் கூட. வேணாமென்று விட்டுட்டோம்" என்றனர்.

இரண்டு பதில்களுக்கும் காரணம் ஒன்றே என்பது எனது கருத்து. நாம் பலகையைத் தனியே விற்கின்றோம். வாடிக்கையாளருக்கோ தேவைப்படுவது ஒரு சுவர், அல்லது ஒரு சீலிங். அதன் மற்றைய பாகங்களை அவர் கண்ட இடத்தில் கண்ட தரத்தில் வாங்குகிறார். சுவர் வெடித்தாலும் சீலிங் தொங்கினாலும் பலகை விற்ற கடைக்குத்தான் வருகிறார். பலகை மட்டும் விற்பவருக்கு விலைப் போட்டியும் முறைப்பாடுமே மிஞ்சும். முழுச் சுவரையும் கணக்கிட்டுக் கொடுப்பவருக்கே இலாபமும் நல்ல பெயரும் கிடைக்கும். அதற்கு முதலில் இப்பொருளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

ஜிப்சம் என்பது நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு மென்மையான கனிமம். அதன் நிறையில் ஏறக்குறைய 21 வீதம் நீர். அந்த நீர் ஈரமாக இருப்பதில்லை, கனிமத்தோடு இரசாயன ரீதியாகப் பிணைந்திருக்கிறது. ஜிப்சத்தைத் தூளாக்கி 150 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் அந்நீரில் முக்கால் பங்கு வெளியேறும். எஞ்சுவதுதான் நாம் அறிந்த பிளாஸ்டர் ஒவ் பாரிஸ். அதனுடன் மீண்டும் நீர் சேர்த்தால் அது இறுகிப் பழையபடி ஜிப்சமாகிவிடும். தொழிற்சாலையில் அக்கலவையை இரண்டு தடித்த கடதாசிகளுக்கிடையில் ஊற்றி, இறுகியபின் வெட்டி உலர்த்தினால் பலகை தயார்.

இதிலிருந்து இரண்டு விடயங்களை நாம் விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, பலகையின் பலத்தில் பெரும் பங்கு கடதாசியினுடையது. கடதாசி கிழிந்த இடத்தில் பலகை பலவீனமானது. இரண்டாவது, தீப்பிடித்தால் உள்ளே பிணைந்துள்ள நீர் ஆவியாக வெளியேறிச் சூட்டை உறிஞ்சுகிறது. 25 கிலோ நிறையுள்ள ஒரு பலகையில் ஏறக்குறைய 5 கிலோ நீர் இருக்கிறது. அந்நீர் தீரும்வரை மறுபக்கத்தின் சூடு கொதிநீரின் சூட்டுக்கு மேல் பெரிதாக ஏறாது. பிளைவூட்டினால் பிரிக்கப்பட்ட கடையில் தடுப்பே விறகாகிவிடும். ஜிப்சம் சுவர் அவ்வாறல்ல, ஓடித் தப்புவதற்கு நேரம் தரும்.

ஐம்பது வருடம் காத்திருந்த பொருள்

இப்பலகையின் முன்னோடிக்கு அமெரிக்காவில் ஒகஸ்டின் சக்கெட் என்பவர் 1894ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனத்தை 1909இல் யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பனி வாங்கியது. ஆனாலும் பொருள் உடனே பரவவில்லை. கையால் பூசும் சாந்துச் சுவரே தரமானது, பலகை மலிவுச் சரக்கு என்று மக்கள் எண்ணினர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொழிலாளர் தட்டுப்பாடு ஏற்பட்டது. விரைவாகக் கட்ட வேண்டிய தேவையும் வந்தது. அதன் பிறகே பலகை எங்கும் பரவியது.

எமது நாட்டிலும் அதே நிலைமை வந்துகொண்டிருக்கிறது. நல்ல மேசன்பாஸ் ஒருவரைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு சிரமமென்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மறுபுறம், கட்டாரிலும் டுபாயிலும் ஜிப்சம் வேலை பழகித் திரும்பிய இளைஞர்கள் எமது ஊர்களிலேயே இருக்கின்றனர். ஆள் தட்டுப்பாடும் புதிய கைத்தொழிலும் ஒன்றாக வரும் காலமே இப்பொருளுக்குச் சந்தை திறக்கும் காலம்.

கல் சுவரும் பலகைச் சுவரும்

மேல்மாடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் கடையின் பின்புறத்தை அலுவலகமாகப் பிரிக்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். சுவரின் நீளம் 16 அடி, உயரம் 8 அடி. அதாவது ஏறக்குறைய 12 சதுர மீற்றர்.

அரைச் செங்கல் சுவர் கட்டி இருபுறமும் பூசினால் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 250 கிலோ. முழுச் சுவரும் ஏறக்குறைய 3,000 கிலோ. கொன்கிறீட் தட்டின் மீது, கீழே பீம் இல்லாத இடத்தில், மூன்று தொன் பாரத்தை ஏற்றுவது பொறியியலாளரைக் கேட்காமல் செய்யக்கூடிய காரியமல்ல. இரும்புச் சட்டமும் இருபுறமும் 12.5 மி.மீ. பலகையும் கொண்ட சுவர் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 25 கிலோ. முழுச் சுவரும் 300 கிலோ அளவிலேயே வரும். பத்தில் ஒரு பங்கு!

செங்கல், மணல், சீமெந்து மேலே ஏற்ற வேண்டியதில்லை. பூச்சுக் காய்வதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. வேலை தெரிந்த இருவர் இரண்டு மூன்று நாட்களில் முடிப்பர். கடையை நீண்ட நாள் மூட வேண்டியதில்லை என்பதே வியாபாரிக்கு முக்கியம். பின்னர் இடத்தைக் காலி செய்யும்போது கழற்றியும் விடலாம். வாடகைக் கடைக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குறைகளையும் சொல்லியே விற்க வேண்டும். சாதாரணப் பலகைச் சுவருக்கூடாகப் பேச்சுச் சத்தம் கேட்கும். கணக்கு வழக்குப் பேசும் அறைக்கென்றால் உள்ளே கண்ணாடி நார்ப் பஞ்சு வைக்குமாறு கூறுங்கள். சத்தம் குறையும், உங்களுக்கும் ஒரு பொருள் கூடுதலாக விற்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

சந்தையில் பொதுவாக மூன்று வகைகள் உள்ளன. வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கடதாசி கொண்டது சாதாரணப் பலகை. பச்சை நிறமானது ஈரத்தைத் தாங்கும் வகை. இளஞ்சிவப்பானது தீயைக் கூடுதலாகத் தாங்கும் வகை, அதற்குள் கண்ணாடி நார் கலந்திருக்கும். அமெரிக்க முறையில் 5/8 அங்குலத் தீத்தடுப்புப் பலகையை இரும்புச் சட்டத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, உரிய விதிப்படி அமைத்த சுவருக்கு ஒரு மணித்தியாலத் தீத்தடுப்பு மதிப்பீடு உண்டு.

ஆனால் நிறம் என்பது கடதாசியின் நிறம் மாத்திரமே. ஒரு ஹாட்வெயார் கடையில் நான் இருந்தபோது வாடிக்கையாளர் ஒருவர் ஊதிப்போன துண்டொன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "ஹாஜியார், நீங்க சொன்ன பச்சைப் பலகையத்தான் போட்டோம். ஆறு மாசத்துல இப்படி ஆயிட்டு" என்றார். முதலாளியிடம் பதிலில்லை. அவருக்குக் கொடுத்த இறக்குமதியாளரின் பட்டியலிலும் "பச்சை" என்று மாத்திரமே எழுதியிருந்தது.

இதைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. ஐரோப்பிய தரநிர்ணயமான ஈஎன் 520இன்படி ஈரம் தாங்கும் பலகைகளில் முதல் தரமானது (எச்1), இரண்டு மணித்தியாலம் நீரில் மூழ்கியிருந்தபின் தன் நிறையில் 5 வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது. இரண்டாம் தரத்துக்கு 10 வீதம், மூன்றாம் தரத்துக்கு 25 வீதம். எனவே பலகையிலிருந்து ஓர் அடிக்கு ஓர் அடி துண்டொன்றை வெட்டித் தராசில் நிறுங்கள். இரண்டு மணித்தியாலம் நீரில் அமிழ்த்தி, மேற்புறத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுங்கள். ஆயிரம் கிராம் துண்டு 1,050 கிராமுக்குள் இருந்தால் நல்ல சரக்கு. 1,300 கிராமாக ஏறியிருந்தால் அது பச்சைக் கடதாசி ஒட்டிய சாதாரணப் பலகை. இது ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் பெரும் மோசடியைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

தடிப்பையும் அளந்து பாருங்கள். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 12.5 மி.மீ. சாதாரணப் பலகை 25 கிலோ அளவில் இருக்கும். மிகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். இலேசான வகையாகவே தயாரிக்கப்பட்ட பலகைகளும் உண்டு. அவ்வாறாயின் அதற்குரிய தரப் பத்திரம் இருக்க வேண்டும். பலகையின் பின்புறத்தில் உற்பத்தியாளர் பெயர், திகதி, தரக் குறியீடு (பிஎஸ் ஈஎன் 520, ஏஎஸ்டிஎம் சி1396 அல்லது இந்தியாவின் ஐஎஸ் 2095) ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். ஒன்றுமே இல்லாத பலகையைக் குறைந்த விலைக்கு வாங்குபவர், முறைப்பாடு வரும் நாளில் கைகாட்ட ஆளில்லாமல் நிற்க நேரிடும்.

ஒரு சுவருக்கு எவ்வளவு பொருள்?

மேலே சொன்ன 16 அடிக்கு 8 அடிச் சுவரையே கணக்கிடுவோம். கதவு இல்லையென வைத்துக்கொள்வோம்.

பலகை: ஒரு பக்கம் 128 சதுர அடி, இருபக்கமும் 256. ஒரு பலகை 32 சதுர அடியாதலால் 8 பலகைகள். வெட்டுச் சேதாரத்துக்கு ஒன்று கூட்டி 9.

நிலைச் சட்டம்: இரண்டு அடிக்கு ஒன்று வீதம் 9.

கிடைச் சட்டம்: நிலத்திலும் மேலேயும் சேர்த்து 32 அடி. 10 அடி நீளமாயின் 4.

ஸ்க்ரூ: பலகைக்கு 35 வீதம் சுமார் 300. சட்டத்தை நிலத்திலும் சுவரிலும் பொருத்துவதற்கான ஆணியும் பிளக்கும் தனி.

மூட்டு நாடா: மூட்டுகளுக்கும் ஓரங்களுக்குமாகச் சுமார் 120 அடி.

மூட்டுப் பசை: 10 கிலோ அளவில்.

இப்போது உங்கள் கடை விலைகளைப் போட்டுப் பாருங்கள். பலகை எட்டு ஒன்பது மாத்திரமே, மற்றவை ஐந்து வகை. பலகையின் விலையை எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பர். சட்டம், ஸ்க்ரூ, நாடா, பசை ஆகியவற்றில் அவ்வளவு விலைப் போட்டியில்லை. இப்பட்டியலைத் தாளில் எழுதி மொத்தமாகக் கொடுக்கும் கடைக்காரரிடம் "பலகை ஐம்பது ரூபா கூட" என்று சொல்பவர்கள் குறைவு.

முறைப்பாடுகளுள் பெரும்பாலானவையும் பலகை தவிர்ந்த இப்பொருட்களிலேயே தொடங்குகின்றன. மூட்டில் வெடிப்பு விழுவது பெரும்பாலும் நாடா ஒட்டாமல் பசையை மாத்திரம் தடவியதால். சுவர் ஆடுவது 0.5 மி.மீ. சட்டம் போட வேண்டிய இடத்தில் 0.35 மி.மீ. தகட்டுச் சட்டம் போட்டதால். ஸ்க்ரூ தலை கடதாசியைக் கிழித்து உள்ளே போய்விட்டால் அந்த ஸ்க்ரூ இருந்தும் இல்லாததே. தலை கடதாசியைக் கிழிக்காமல் சற்று அமிழ்ந்து நிற்க வேண்டும். பலகையின் அடியை நிலத்தில் முட்ட விடாமல் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் கடை கழுவும் நீரைப் பலகை கீழிருந்தே உறிஞ்சும். இரு பக்கத்து மூட்டுகளும் ஒரே சட்டத்தில் வரக் கூடாது.

இன்னொன்று, வாடிக்கையாளரிடம் கட்டாயம் கேளுங்கள்: "இந்தச் சுவரில் எதைத் தொங்கவிடப் போகிறீர்கள்?" சரக்கு அடுக்கும் தட்டு, தொலைக்காட்சி, குளிரூட்டி என்றால், இரண்டாம் பக்கப் பலகையைப் பொருத்த முன்னரே உள்ளே சட்டங்களுக்கிடையில் மரத்துண்டு அல்லது தடித்த பிளைவூட் பொருத்த வேண்டும். பின்னர் வெறும் பலகையில் ஆணியடித்துத் தட்டு மாட்டினால் அது சரக்கோடு சேர்ந்து கீழே வரும்.

சீலிங் வேலை

சீலிங்கில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, பலகைகளைப் பொருத்தி மூட்டுகளை மறைத்து ஒரே தளமாக்குவது. மற்றையது, இரண்டு அடிக்கு இரண்டு அடிச் சட்டத்தில் தட்டுகளை வைப்பது. முதலாவது அழகானது. இரண்டாவதில் மேலே உள்ள வயர், குளிரூட்டிக் குழாய் என்பவற்றைத் திருத்துவதற்கு ஒரு தட்டைத் தூக்கினால் போதும். பழுதான தட்டை மாத்திரம் மாற்றலாம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இரண்டாவதையே நான் சிபாரிசு செய்வேன்.

முழுத் தளச் சீலிங்குக்கு 9 மி.மீ. பலகையானால் சட்டங்களுக்கிடையில் 16 அங்குலம் பாதுகாப்பான இடைவெளி. பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டு அடிக்கு ஒரு சட்டம் போட்டால் சில மாதங்களில் பலகை தொய்யும். மின்விசிறியைக் கொன்கிறீட்டிலோ கூரை மரத்திலோதான் தொங்கவிட வேண்டும். கூரை ஒழுகும் இடத்தில் சீலிங் அடிக்கவே கூடாது. முதலில் கூரையைத் திருத்தச் சொல்லுங்கள்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீலிங்கைக் கழற்றிவிட்டுப் புதியது அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வகை அஸ்பெஸ்டஸ்ஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் வகைப்படுத்தியுள்ளது. பழைய தகடுகளை அடித்து நொறுக்கக் கூடாது, வாளால் அறுக்கக் கூடாது. நீர் தெளித்து நனைத்து, தகுந்த முகமூடி அணிந்து, முழுத் தகடாகவே கழற்ற வேண்டும். வேலைக்கு வரும் இளைஞனின் நெஞ்சும் ஓர் அமானிதம்தான்.

எங்கே விற்கக் கூடாது?

குளியலறையில் நீர் நேரே படும் சுவருக்குப் பச்சைப் பலகையும் உகந்ததல்ல. அங்கு சீமெந்துப் பலகையோ கல் சுவரோ வேண்டும். வெளிச்சுவருக்கு ஜிப்சம் பலகையைக் கொடுக்கவே வேண்டாம். வெள்ளம் வரும் பகுதிகளையும் கவனியுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அத்தகைய நிலத்தளத்தில் கல் சுவரைக் கழுவி மீண்டும் வர்ணம் பூசலாம். நீரில் ஊறிய ஜிப்சம் பலகையைக் கழற்றி எறிய வேண்டியதுதான். கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் மலிவான சட்டங்கள் விரைவில் துருப்பிடிக்கும். அங்கு நன்கு நாகம் பூசிய சட்டத்தையே கொடுங்கள்.

"இந்த இடத்துக்கு இது சரிவராது" என்று ஒரு விற்பனையைத் தவிர்ப்பது நட்டமல்ல. அதே வாடிக்கையாளர் அடுத்த வேலைக்கு உங்களிடமே வருவார்.

களஞ்சியமும் போக்குவரத்தும்

பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி வைக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. சில வாரங்களில் அது வளைந்துவிடும். தரையிலிருந்து உயர்த்திய மரக்கட்டைகளை இரண்டு அடிக்குக் கூடாத இடைவெளியில் வைத்து, அவற்றின் மீது படுக்கையாக அடுக்க வேண்டும். தூக்கும்போது மாத்திரம் இருவர் சேர்ந்து நிமிர்த்தித் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறியும். லொறியில் மழைப்படங்கு இல்லாமல் ஏற்ற வேண்டாம். மூலை உடைந்தவற்றையும் நனைந்து காய்ந்தவற்றையும் நல்லவற்றோடு கலக்காமல், குறையைச் சொல்லித் தனி விலைக்கு விற்றுவிடுங்கள்.

அமெரிக்காவில் நடந்தது

2005ஆம் ஆண்டு கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவில் பலகைக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. சீனாவிலிருந்து பெருமளவில் இறக்குமதி செய்தனர். சில வருடங்களில் புளோரிடா, லூசியானா போன்ற மாநிலங்களில் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் முறைப்பாடு செய்தனர். அழுகிய முட்டை நாற்றம், கறுத்துப்போன செப்பு வயர்கள், அடிக்கடி பழுதாகும் குளிரூட்டிகள். அப்பலகைகளில் சிலவற்றிலிருந்து வெளியேறிய கந்தக வாயுவே காரணமெனக் கண்டறியப்பட்டது. பலகைகளைக் கழற்றி வீடுகளின் உட்புறத்தையே மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. உற்பத்தியாளர்கள் மாத்திரமன்றி, விநியோகித்தவர்களும் கட்டியவர்களும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. 2013 ஜனவரியில் கையொப்பமிடப்பட்ட சட்டமொன்று, பலகைகளில் உற்பத்தியாளரை அடையாளம் காட்டும் விவரங்கள் இருக்க வேண்டும் என்றது.

சீனப் பலகையெல்லாம் கெட்டதென்று இதற்கு அர்த்தமில்லை. தட்டுப்பாட்டு நேரத்தில் யார் செய்தது, எங்கே செய்தது என்று கேட்காமல் வாங்கியதே அங்கு நடந்த தவறு. எமக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு தொகுதியிலும் பின்புற அச்சைப் புகைப்படம் எடுத்து, கொள்வனவுப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். செலவில்லாத காப்புறுதி இது.

வியாபாரமாகச் செய்வதற்கு

முதலாவது, எல்லா வகையையும் குவிக்க வேண்டாம். 9 மி.மீ. சாதாரணம், 12.5 மி.மீ. சாதாரணம், 12.5 மி.மீ. ஈரம் தாங்குவது ஆகிய மூன்றும், இவற்றுக்குரிய சட்டம் முதலியவையும் போதும். தீத்தடுப்புப் பலகையை ஓடருக்கு எடுக்கலாம்.

இரண்டாவது, விலைக் கூற்றில் திகதி வரையறை போடுங்கள். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிப் பொருளுக்குப் பழைய விலையில் வாக்குக் கொடுத்திருந்தவர்கள் கையிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். "இவ்விலை 14 நாட்களுக்கு மாத்திரம்" என்ற ஒரு வரி அந்த நட்டத்தைத் தடுக்கும். வற் வரி உள்ளதா இல்லையா என்பதையும் எழுத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

மூன்றாவது, ஊரிலுள்ள இரண்டு மூன்று ஜிப்சம் பாஸ்மாரைப் பழகிக்கொள்ளுங்கள். அவர்கள் செய்த வேலையை நேரில் போய்ப் பாருங்கள். மூட்டு தெரியாமல் முடித்திருப்பவரின் தொலைபேசி இலக்கத்தை மாத்திரம் வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். பொருள் உங்களுடையது, வேலை அவருடையது என்று பட்டியலில் பிரித்துக் காட்டுங்கள்.

நான்காவது, ஒப்பந்தக்காரருக்குக் கடன் கொடுப்பதாயின் சட்டம், பலகை, பசை என்று வேலையின் கட்டங்களுக்கேற்ப அனுப்புங்கள். முந்திய கட்டத்தின் பணம் வந்தபின் அடுத்ததை ஏற்றுங்கள். சுவர் முடிந்தபின் பணம் கேட்டுத் திரிவதை விட இது இருவருக்கும் நல்லது.

ஐந்தாவது, கடையில் ஆறு அடி அகலத்தில் ஒரு மாதிரிச் சுவர் அமையுங்கள். ஒரு பாதி முடிக்கப்பட்டு வர்ணம் பூசியதாகவும், மறு பாதி உள்ளே சட்டமும் பஞ்சும் மரத்துண்டும் தெரிவதாகவும் இருக்கட்டும். "பலகை என்ன விலை?" என்று கேட்டு வருபவர், அதைப் பார்த்தபின் "இப்படியொரு சுவருக்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பார். நீங்கள் காத்திருக்க வேண்டியது அந்தக் கேள்விக்காகவே. பட்டியல் தாளையும் பேனையையும் அருகிலேயே வைத்திருங்கள்.